கிள்ளானில் ஒரு சிவகுண்டல மரம்

பிரிக்ஃபீல்ட்ஸில் தேநீர் கேட்க வாயைத் திறந்தாலே போதும், "அக்கா ஊர்லேருந்து வந்தவங்களா?" என்பார் கடைக்காரர். அவர் தமிழ்நாட்டில் காலே வைத்ததில்லை. பிறந்தது வளர்ந்தது எல்லாம் கடல் தாண்டி இந்த நாட்டில்தான். ஆனாலும் 'ஊர்' என்றால் அவருக்கு அதுதான். இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை.

ஷா ஆலமில் ஓர் ஆய்வுக்கூடத்தில், ஆப்பிரிக்க மருந்து மரங்களிலிருந்து வேதிச் சேர்மங்களைப் பிரித்தெடுப்பது என் வேலை. கூட வேலை செய்பவள் எஸ்தர், கேமரூன்காரி. அவள் நாட்டு வேர் ஒன்றிலிருந்து மஞ்சள் சேர்மம் ஒன்றை எடுத்தோம். அந்த மரத்தின் படத்தை அவள் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீள நீளமாகக் காய் தொங்கும் நம்ம சிவகுண்டலம்! பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி வாசலில் நின்றது. அடியில் யாரோ ஒரு கல்லுக்கு விபூதி பூசிச் சாமியாக்கியிருந்தார்கள். மழை நாட்களில் அப்பா மொபெட்டோடு அங்கேதான் காத்திருப்பார். "காய் தலையில விழுந்தா நேரா கைலாசந்தான்" என்பார், ஆனாலும் இடம் மாற மாட்டார். அந்த மரம் எங்களுடையது என்று எஸ்தரிடம் சண்டையே போட்டேன். பெயருக்கு அர்த்தம் கேட்டுவிட்டு, "உங்கள் சாமி போட்டிருப்பது எங்கள் நாட்டுக் கம்மல்" என்றாள்.

கேமரூன் வேர் தீர்ந்துபோனது. இங்கே வளரும் மரத்திலும் அதே சேர்மம் இருந்தால்தான் ஆய்வு தொடரும், என் விசாவும் நீளும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அம்மா போனபின் அப்பா தனியாக இருக்கிறார். போனில், "மரம் என்னம்மா சொல்லுது?" என்று கேட்பாரே தவிர, எப்போது வருவாய் என்று கேட்கவே மாட்டார். பிள்ளையாரிடம் எதை வேண்டிக்கொள்வதென்றே தெரியாமல் தவித்தேன்.

கிள்ளானில் ஒரு தேவாலய வளாகத்தில் அந்த மரம் இருந்தது. வேர் கேட்டுப் போன எங்களைக் காவலாளி சாமுவேல் அங்கிள் ஏற இறங்கப் பார்த்தார்.

"நம்பர் எடுக்க வந்தீங்களா? மரத்துகிட்ட லாட்டரி நம்பர் கேக்குறதெல்லாம் இங்க வேணாம்லா. சர்ச்சும்மா இது!"

விஷயத்தைச் சொன்னதும் மண்வெட்டியோடு அவரே வந்தார்.

எங்கள் சோதனை எளிது. சிலிக்கா பூசிய தகட்டில் இடப்பக்கம் முன்பே எடுத்து வைத்திருந்த கேமரூன் சேர்மம் ஒரு சொட்டு, வலப்பக்கம் கிள்ளான் சேர்மம் ஒரு சொட்டு. நடுவில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்போம். கரைப்பான் மேலே ஏறும்போது, வேறு வேறு பொருளென்றால் நடுச்சொட்டு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரே பொருளென்றால் சேர்ந்தே ஏறும்.

புற ஊதா விளக்கடியில் தகட்டை வைத்தோம். நடுவில் ஒரே புள்ளி.

"எங்கே நட்டாலும் அவள் ஆப்பிரிக்காக்காரிதான்!" என்று கத்தி, எஸ்தர் என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் சிரித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. செய்தி சொல்ல அவள் வெளியே ஓடியதும், தகட்டை மறுபடி விளக்கடியில் வைத்து, அந்தப் புள்ளியில் மயிரிழைப் பிரிவாவது தெரிகிறதா என்று தேடினேன்.