வெற்றுப் பக்கங்கள்

எங்கள் பெரியப்பா மூன்று முறை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தார். இரண்டு முறை அவர் பெயரில், ஒரு முறை என் அம்மா பெயரில். இதைப் படித்துவிட்டு அவர் பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வரலாம். தாராளமாக வரட்டும். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

திருமழிசைக்கு அந்தப்பக்கம், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளின் கூரை முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் எங்கள் ஊர். நான் ஐந்தாவது படித்த வருஷம், தலைவர் பதவி பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்தது. பெரியப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தெளிந்துவிட்டார். பெரியம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. வீட்டின் இரண்டு மருமகள்களில் பத்தாவது பாஸ் செய்தவள் என் அம்மாதான். ஆகவே வேட்பாளர் அம்மா. அவளிடம் யாரும் கேட்கவில்லை. லேத் ஓட்டிவிட்டு ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவிடம் மட்டும் பெரியப்பா சொன்னார். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு அப்பா கை கழுவப் போனார். அத்தோடு முடிந்தது ஆலோசனை.

சுவரொட்டியில் பெரியப்பா கும்பிட்டபடி ஆளுயரத்துக்கு நின்றார். அம்மாவின் படம் ரேஷன் கார்டில் இருப்பது போல ஒரு மூலையில் இருந்தது. ஆனாலும் அம்மா ஜெயித்தாள். வகுப்பில் நான் தரையில் நடக்கவில்லை. "எங்கம்மா பிரசிடென்ட்டு" என்று சொல்லியே இரண்டு பேரிடம் தேன்மிட்டாய் வாங்கித் தின்றேன்.

பஞ்சாயத்து ஆபீசில் ஒரு நாற்காலி உண்டு. முதுகில் வெள்ளை டர்க்கி டவல் போர்த்திய நாற்காலி. அதில் பெரியப்பா உட்காருவார். எங்கள் வீட்டு வழக்கப்படி மூத்தார் எதிரில், அதாவது புருஷனுக்கு அண்ணன் எதிரில், மருமகள் உட்காரக் கூடாது. ஆகவே ஊராட்சியின் தலைவர், இடுப்பில் செருகிய முந்தானையோடு கதவோரம் நிற்பாள். கிளார்க் நீட்டுகிற இடத்தில் குனிந்து கையெழுத்துப் போடுவாள். வாரம் ஒருமுறை அந்த டவலைத் துவைத்துக் காயப்போட்டு மறுபடி போர்த்துவதும் அவள்தான். எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வீட்டில் எப்படியோ அப்படித்தான் ஆபீசிலும் என்று நினைத்தேன்.

அம்மாவின் கையெழுத்து அழகாக இருக்கும். முதல் எழுத்தில் ஒரு சுழி, கடைசியில் வால் மாதிரி ஒரு கோடு, கீழே இரண்டு புள்ளி. பதவியேற்ற முதல் வாரத்தில் பெரியப்பா தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவந்தார்.

"இந்தாம்மா, பின்னாடி பத்துப் பக்கம் கையெழுத்து போட்டு வெச்சிடு. அவசரத்துக்கு ஆவும். ஒவ்வொரு தபாவும் உன்ன தேடிகினு வர முடியுமா?"

பக்கங்களில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அம்மா ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் பக்கம் புரட்டிக் கொடுத்தேன். அன்றைக்கே என் ரஃப் நோட்டில் அதே கையெழுத்தை எழுதிப் பழக ஆரம்பித்தேன். நானும் ஒருநாள் தலைவராகப் போகிறவள் அல்லவா, ஒத்திகை வேண்டாமா?

ஆடி மாசம் ஊர்க் குட்டையில் லாரி லாரியாக மண் வந்து விழுந்தது. அந்தக் குட்டையைத் தாண்டி யாரோ மனை போட்டிருந்தார்கள். கலர் கொடி நட்டாயிற்று, மஞ்சள் கல் ஊன்றியாயிற்று. குட்டையைத் தூர்த்தால்தான் மனைக்கு ரோடு. மழைக்காலத்தில் ஊர்த் தண்ணீர் மொத்தமும் போய் நிற்பது அந்தக் குட்டையில்தான். அதை மூடினால் தண்ணீர் நேராகக் கீழ்த்தெரு வீடுகளுக்குள் போகும். இது எங்கள் ஊரில் மூக்கு ஒழுகும் பிள்ளைக்கும் தெரியும்.

கீழ்த்தெருவிலிருந்து எஸ்டேட் கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போய்வரும் அக்கா ஒருத்தி, வேலைக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் வந்து நின்றாள். சாப்பாட்டுப் பையைக்கூட இறக்கிவைக்கவில்லை.

"இன்னா தலைவரம்மா, ஓட்டு கேக்க வந்தப்போ எங்க ஊட்டுல டீ குடிச்ச. இப்ப எங்க ஊட்டுக்குள்ளயே தண்ணி உடறதுக்கு கையெழுத்து போட்டுக்கீறியே, நல்லா கீதா?"

"நானா? நான் எங்க போட்டேன்?"

"போய் புஸ்தகத்த பாரு. உன் கையெழுத்துதான் சிரிச்சிகினு கீது."

அம்மா அப்படியே ஆபீசுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கிளார்க் தயங்கித் தயங்கிப் புத்தகத்தைத் திறந்தார். குட்டையை மூடிப் பாதை விட கிராம சபையில் ஏகமனதாகத் தீர்மானம் என்று வேறு யாருடைய எழுத்திலோ எழுதியிருந்தது. கீழே அம்மாவின் சுழி, அம்மாவின் வால், அம்மாவின் இரண்டு புள்ளி.

பெரியப்பா நாற்காலியில் இருந்தபடியே சிரித்தார். "இன்னாம்மா முறைக்கிற? கையெழுத்து உன்னுது. போட்டது நீதானே? நானா போட்டேன்?"

"வெத்துப் பேப்பர்ல போட வெச்சீங்களே மாமா."

"அத்தயும் வெளிய சொல்லேன். வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போட்ட தலைவருன்னு ஊரே காறித் துப்பும். பதவியும் போவும், கேசும் வரும். ஒயுங்கா போய் சோத்த வடி."

அம்மா அன்று சோறு வடித்தாள், உண்மைதான். ஆனால் வடித்துவிட்டு மறுபடி கிளார்க் வீட்டுக்குப் போனாள். அவர் பயந்த சுபாவம், ஆனால் நேரில் கேட்டால் பொய் சொல்லத் தெரியாதவர். கிராம சபைத் தீர்மானம் என்று எழுதியதை இன்னொரு கிராம சபை கூடித்தான் ரத்து செய்ய முடியும், எங்கள் ஊர் அளவுக்கு நூறு பேராவது வர வேண்டும், அடுத்த சபை சுதந்திர தினத்தன்று என்று சொன்னார். "நூறு பேரு எங்கம்மா வரப் போறாங்க?" என்று அவரே முடித்தும் விட்டார்.

அது நியாயமான சந்தேகம். கிராம சபைக்கு யாரும் வராமல் பார்த்துக்கொள்வதில் பெரியப்பா கெட்டிக்காரர். மற்ற நாளெல்லாம் தெருக் குழாயில் தண்ணீர் காலை ஆறு மணிக்கு வரும். சபை கூடுகிற நாளில் மட்டும் பதினோரு மணிக்குத் திறந்துவிடச் சொல்வார். கூட்டமும் பதினோரு மணிக்கு. குடம் நிறைவதை விட்டுவிட்டு எந்தப் பெண் கூட்டத்துக்குப் போவாள்? நாலு ஆண்பிள்ளைகள் மட்டும் வந்து டீ குடித்துக் கலைவார்கள். சாயங்காலம் கிளார்க் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொள்வார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத தந்திரம் இது. மருமகளாக வந்த நாளிலிருந்து அம்மாவும் அந்த வரிசையில் குடத்தோடு நின்றவள்தான்.

சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் மாலை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மோட்டார் போடுகிற அண்ணன் வீட்டுக்குப் போனாள். தெருத் தெருவாகத் தண்ணீரைத் திறக்கும் வால்வு சாவி, ஒரு பெரிய இரும்புக் கம்பி, அவர் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது.

"சாவி குடு தம்பி."

"பெரியவரு இன்னா சொல்வாரோ யக்கா..."

"நீ யாருகிட்ட சம்பளம் வாங்கற? பஞ்சாயத்துல. பஞ்சாயத்துக்குத் தலைவரு யாரு?"

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு, "நான் ஊட்ல இல்லாத நேரத்துல எடுத்துகினு போயிட்டீங்க, சரியா?" என்றார். அம்மா சிரித்து நான் பார்த்தது அந்த மாதத்தில் அப்போதுதான்.

மறுநாள் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்தது. பதினோரு மணி. தெருக் குழாய்கள் காற்றைத்தான் விட்டன. ஊரிலேயே ஒரே ஒரு குழாயில் தண்ணீர் கொட்டியது. ஆபீஸ் வாசலில், மேல்நிலைத் தொட்டியின் அடியில் இருக்கிற குழாய். சேதி பரவ ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அன்று கம்பெனிகளுக்கு லீவு. மேல்தெரு, கீழ்த்தெரு என்று எல்லாத் தெருவிலிருந்தும் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு இறங்கிவிட்டார்கள். வரும்போதே திட்டிக்கொண்டு வந்தார்கள். "எவடி அவ தலைவரு? நல்ல நாளும் அதுவுமா தண்ணிய நிறுத்திக்கீறா!" அந்த எவளுடைய மகளாகிய நான் தொட்டியின் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வேப்பமரத்தடியில் டவல் போர்த்திய நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுப் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். குடங்களின் கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

அம்மா குழாயருகே போய் நின்றாள். "எல்லாருக்கும் தண்ணி வரும். எல்லாத் தெருவுக்கும் நானே தொறந்து உடறேன். அதுக்கு மின்ன பத்து நிமிஷம் குடத்த கீழ வெச்சிட்டு நான் சொல்றத கேளுங்க. இது கிராம சபை. இதுக்குத்தான் நீங்கள்லாம் வரணும்."

முணுமுணுப்பு அடங்கியது. நான் நினைத்தேன், இப்போது அம்மா பெரியப்பாவை நார் நாராகக் கிழிக்கப்போகிறாள் என்று. ஆனால் அவள் வேறு சொன்னாள்.

"குட்டைய மூடறதுக்கு தீர்மானம் போட்டுக்கீது. அதுல கையெழுத்து என்னுது. ஒண்ணும் எழுதாத பேப்பர்ல போட்டேன். படிச்சவதான் நான், தெரிஞ்சிதான் போட்டேன். கேக்கப் பயந்துகினு போட்டேன். தப்பு என்னுது. அத்த ரத்து பண்ண உங்க கையெழுத்து வேணும்."

பெரியப்பா பக்கத்தில் நின்ற பையன்கள் கெக்கெக்கென்று சிரித்தார்கள். ஒருத்தன் விசில் அடித்தான். என் காது சுட்டது. மண்ணே பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. யாராவது தன் தப்பைத் தானே கூட்டத்தில் சொல்வார்களா? அதுவும் பிரசிடென்ட்டு!

பெரியப்பா எழுந்து நின்று கத்தினார். "ஊட்டு மானத்த தெருவுல வாங்கறியா? போ ஊட்டுக்கு! கூட்டமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!"

அவர் எழுந்ததால் நாற்காலி காலியாக இருந்தது. அம்மா நேராக வந்தாள், அதில் உட்கார்ந்தாள். மூத்தார் நின்றுகொண்டிருக்க, அவர் எதிரில், ஊர் பார்க்க. "காலு நடுங்கிடுச்சிடி, நின்னிருந்தா உயுந்திருப்பேன்" என்று பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னாள். அன்று பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. பெரியப்பாவுக்கும் தெரியவில்லை.

"புஸ்தகத்த குடுங்க" என்றாள் கிளார்க்கிடம். ரத்துத் தீர்மானத்தை அவளே எழுதினாள். எழுதி முடித்து, எல்லாரும் கேட்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். கீழ்த்தெரு அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முதலில் வந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது, தண்ணீருக்கு நிற்கிற அதே வரிசை, அதே தள்ளுமுள்ளு. ஈரத்தில் மை பரவிப் பாதிக் கையெழுத்துகள் ஊறிப்போயின. நூறைத் தாண்டியதும் கிளார்க் எண்ணுவதை விட்டுவிட்டார். பிறகு அம்மா வால்வைத் திருகித் தெருக்களுக்குத் தண்ணீர் விட்டாள்.

அதன் பிறகு குட்டையில் மண் விழவில்லை. பாதி தூர்ந்ததோடு நின்றது. இன்றும் ஐப்பசி மழைக்கு அந்தப் பாதிக் குட்டைதான் கீழ்த்தெருவைக் காப்பாற்றுகிறது. அந்த வாரமே எங்கள் வீட்டில் அடுப்பு பிரிந்தது. அப்பா அண்ணனை எதிர்க்கவும் இல்லை, அம்மாவைக் கடிந்துகொள்ளவும் இல்லை. ஒரு ஸ்டவ் வாங்கிவந்து வைத்தார். அடுத்த தேர்தலில் பதவி பொதுவாகி, பெரியப்பாவே நின்று ஜெயித்தார். கீழ்த்தெருவிலும் அவருக்கு ஓட்டு விழுந்தது. அதை நான் ஏன் மறைக்க வேண்டும்? அதனால் அம்மா செய்தது இல்லையென்று ஆகிவிடுமா என்ன?

ஆனால் அந்தச் சுதந்திர தினத்தன்று பத்து வயசுக்காரி நான் இதையெல்லாம் நினைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் "வெத்துப் பேப்பர் பிரசிடென்ட்டு" என்று கூப்பிடப்போவது அப்போதே காதில் கேட்டது. கேட்டபடியேதான் நடந்தது.

"பெரியப்பாதான் போட வெச்சாருன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? ஏம்மா உன் தப்புன்னு சொன்ன?"

"போட்டது நான்தானே" என்றாள் அம்மா. அவள் முகத்தில் வருத்தமே இல்லை. அதுதான் எனக்கு அடங்காத கோபத்தைக் கிளப்பியது.

வீட்டுக்கு வந்ததும் ரஃப் நோட்டை எடுத்தேன். அம்மாவின் சுழியையும் வாலையும் இரண்டு புள்ளியையும் நான் எழுதிப் பழகிய பக்கங்களைக் கிழித்து, அவள் கண்ணெதிரிலேயே அடுப்பில் போட்டேன். தலைவர் என்றால் தப்பே செய்யாதவர், யாருக்கும் பதில் சொல்லாதவர் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் நோட்டின் மிச்சப் பக்கங்களில் பெரியப்பாவின் கையெழுத்தைப் பழக ஆரம்பித்தேன்.