மீன்காரி தேசம்மாவும் பேபி காரும்

சாந்தோம் குப்பத்தில் முதன்முதலாகக் கார் வாங்கியவர் என் அக்கா புருஷன் லூர்துசாமி. வாங்கியது முப்பத்து நாலாம் வருஷம், அதுவும் பழைய கார். அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டுக்கு மாமாதான் மீன் கொடுத்துக்கொண்டிருந்தார். துரை திடீரென்று சீமைக்குக் கப்பல் ஏற வேண்டி வந்தது. மேஜை நாற்காலியோடு காரையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். பேபி கார் என்பார்களே, அந்தக் குட்டிக் கார். மேலே கான்வாஸ் கூரை, பக்கத்துக்கு ஒரு கதவு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் உட்காருகிறவர்கள் முழங்காலை மோவாய் வரைக்கும் மடக்கிக்கொள்ள வேண்டும்.

ஜம்பத்துக்கு வாங்கினார் என்றுதான் குப்பம் முழுக்கப் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் லஸ்ஸில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவன். அடுத்தவர் புளுகை நிறையக் கோத்திருக்கிறேன், என் சொந்தச் சரக்காவது நிஜமாக இருக்கட்டும். மாமா கார் வாங்கியது என் அக்கா தேசம்மாவின் முழங்காலுக்காக.

அக்கா தலையில் மீன்கூடையோடு தினமும் சாந்தோமிலிருந்து தேனாம்பேட்டை வழியாகத் தியாகராய நகர் வரை நடக்கிறவள். அந்த நகர் வருவதற்கு முன்னால், அங்கே ஏரி இருந்த காலத்திலேயே அந்தப் பக்கம் போய்ப் பழகியவள். வலது முழங்கால் வீங்கி வீங்கி வடிந்து, கடைசியில் வடிவதை நிறுத்திவிட்டது. சுமையோடு நடந்தால் கால் கட்டை மாதிரி ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அக்கா கேட்டால்தானே!

"வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணச் சொல்றே? சுவத்தப் பாத்துக்கினு கீறதா?" என்றாள்.

அவள் பயம் எனக்குத் தெரியும். அவள் போகிற வீடுகளில் யார் முழுகாமல் இருக்கிறார்கள், யார் வீட்டு மாமியார் வாய் நீளம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நடையை நிறுத்தினால் அந்த வீடுகள் போய்விடும். அதிலும் கடைசி வீடு, தேனாம்பேட்டைச் சந்தில் அன்வரி பேகம் வீடு. பேகத்தின் புருஷன் மெஹபூப் அலி தோல் மண்டியில் கணக்கர். பேகம் வாசல்படி தாண்டாதவள். கல்யாணம் காட்சி என்று போனாலும் திரை கட்டிய ஜட்காவில்தான். திரும்புகிற வழியில் அக்கா அந்த வீட்டு முற்றத்தில் கூடையை இறக்கி வைத்து, டீ குடித்து, இரண்டு பேரும் வெயில் தாழும் வரை பேசிக்கொண்டிருப்பார்கள். மற்ற இடங்களில் அக்கா தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடித்ததில்லை.

ஆகவே கார் வந்தது. துரையின் டிரைவர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஆனால் மாமாவின் உடம்புக்குத் தெரிந்தது கட்டுமரம் ஒன்றுதான். வளைவு வந்தால், "சாய்ங்க, சாய்ங்க!" என்று கத்துவார். நாங்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய வேண்டும். மணலில் சக்கரம் புதைந்தால் கவலையே இல்லை, நாலு பேர் தோள் கொடுத்துப் படகைத் தூக்குகிற மாதிரி தூக்கி ரோட்டில் வைத்துவிடுவார்கள். சாயங்காலம் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் கயிறு போட்டுத் தென்னைமரத்தில் கட்டுவார்.

"கை பிரேக் கீதே மாமா, கயிறு எதுக்கு?" என்று கேட்டேன்.

"காத்து அடிச்சா பிரேக் இன்னா பண்ணும் மச்சி?" என்றார்.

அக்கா காரில் ஏற ஒரு நிபந்தனை போட்டாள். தியாகராய நகர்ப் பார்க் மூலையில் மரத்தடியோடு கார் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து கூடையைச் சுமந்து அவள் நடந்துதான் போவாள். தேனாம்பேட்டையிலும் சந்து முனையோடு சரி. காரில் வந்து மீன் விற்கிறவளுக்கு யார் விலை கொடுப்பார்கள் என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்விதான். கொஞ்ச காலம் அப்படியே ஓடியது. முழங்கால் வீக்கம்கூடச் சற்று வடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் காரில் துரு ஏறத் தொடங்கியது. கடற்கரையிலேயே கிடக்கிற கார், உப்புக் காற்று விடுமா? மட்கார்டு ஓரமெல்லாம் செம்மண் பூத்த மாதிரி ஆயிற்று. பெயிண்ட் அடிக்கலாம் என்று நான் சொன்னேன். மாமா சிரித்தார். அவர் அப்பன், பாட்டன் எல்லாரும் மரம் உளுக்காமல் இருக்கப் படகுக்குச் சுறா எண்ணெய் பூசினவர்கள். உப்புக்கு மருந்து சுறா எண்ணெய்தான், அதில் இரும்பென்ன மரமென்ன என்று ஒரு டின் எண்ணெயைக் கொண்டுவந்து காரின் வெளியே, உள்ளே, அடியில், சீட்டுக்குக் கீழே ஸ்பிரிங் வரைக்கும் துணி முக்கித் தேய்த்தார். குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதைதான். துரு நின்றது, அதை மறைப்பானேன். ஆனால் வெயில் ஏற ஏற அந்தக் கார் விட்ட வாசனை இருக்கிறதே, கடலோரத்தில் பிறந்த நானே காற்று வருகிற பக்கமாக ஒதுங்கி நின்றேன்.

மறுநாள் பார்க் மூலையில் கார் நின்றது. அக்கா கூடையோடு இரண்டு தெரு தள்ளிப் போயிருப்பாள். முதலில் பூனைகள் வந்தன. காரைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்துகொண்டன. காக்கைகள் கூரைமேல் இறங்கின. பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு மனுஷர்கள் வந்தார்கள். அக்காவிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் கோவிந்தம்மா, யார் வீட்டில் என்ன செத்துக் கிடக்கிறது என்று பார்க்க வந்தவள், காரில் சாய்ந்து நின்ற மாமாவை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் பார்த்தால் தெருவே பார்த்த மாதிரி. அக்கா அவள் வாசலுக்குப் போகும்போது கேள்வி காத்திருந்தது.

"இன்னா தேசம்மா, கார்லதான் வர்றியாமே! நாங்க பஸ்ஸுக்கே யோசிக்கிறோம். வஞ்சிரத்துக்கு நீ சொல்ற வெலையெல்லாம் பெட்ரோலுக்கா?"

அன்றைக்கு எந்த வீட்டிலும் சொன்ன விலை படியவில்லை. வாங்கினவர்களும் ஏதோ தருமம் போடுகிற மாதிரி வாங்கினார்கள். அக்கா திரும்பி வந்து மாமாவைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

"யோவ், ஒன் காரக் கடலோட அனுப்பிட்டு வா! எனக்குக் காலு கீது."

மறுநாளிலிருந்து நடந்தாள். அவள் பிடிவாதம் எனக்கு எப்போதுமே கோபத்தைத்தான் மூட்டும், அன்றைக்கும் மூட்டியது. சண்டை போட்டேன், கேட்கவில்லை. மாமா காரை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே, நடைவேகத்தில் ஊர்ந்து போவார். அவள் திரும்பியே பார்க்கமாட்டாள். ஒரு வாரம் இந்த ஊர்வலம் நடந்தது. அப்புறம் ஒரு காலை, மவுண்ட் ரோட்டுக்கு இந்தப் பக்கம், கூடையோடு விழுந்தாள். பின்னால் வந்த மாமாதான் வாரியெடுத்து அதே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். முழங்கால் சில்லு உடைந்திருந்தது. காலை நீட்டியபடியே வைத்து மட்டை கட்டினார்கள். இனி சுமை கிடையவே கிடையாது என்று கண்டித்துச் சொன்னார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அக்கா வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அழவில்லை. பேசவும் இல்லை, அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடையை இடுக்கிக்கொண்டு மெஹபூப் அலியே குப்பத்தைத் தேடி வந்துவிட்டார்.

"வேற யார் கொண்டாந்தாலும் எங்க பேகம் மீன் வேணாங்கறா. எங்க வூட்ல தினம் தால்சாதான். பருப்பைப் பாத்தாலே எனக்கு பயமா கீது," என்றார் பாவம்.

மாமா உடனே நல்ல வவ்வால் மீனாகப் பொறுக்கிக் கொடுத்தனுப்பப் பார்த்தார். அக்கா படுத்த இடத்திலிருந்து, "மீன் அனுப்பாத. நான் போணும்," என்றாள். அவள் வாய் திறந்ததே போதும் என்று மாமா காரைத் துடைக்க ஓடினார்.

முன் சீட்டில் ஒன்றைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்து, அக்காவைக் கால் நீட்டி உட்கார வைத்தோம். நான் பின்னால் மடங்கிக்கொண்டேன். தேனாம்பேட்டைச் சந்து ஜட்காவே திணறி நுழைகிற சந்து. பேபி கார் நுழைந்தது. ஒரு பக்கம் சுவரை உரசிக்கொண்டே போய், அக்கா பக்கத்துக் கதவு பேகத்தின் வாசல்படிக்கு நேராக வரும்படி மாமா நிறுத்தினார். கட்டுமரத்தைக் கரையில் ஏற்றுகிற அந்தக் கைப்பக்குவம் அன்றைக்குத்தான் காருக்கு உதவியது. மறு பக்கக் கதவைத் திறக்கச் சுவர் விடவில்லை. கான்வாஸ் கூரையை மடக்கி, பின்பக்கமாக ஏறிக் குதித்து நானும் மாமாவும் வெளியே வந்தோம். மறுபடி கூரையை இழுத்து மூடி, திறப்புகளில் எங்கள் துண்டுகளைத் திரையாகத் தொங்கவிட்டு, அக்கா பக்கத்துக் கதவைத் திறந்துவைத்தோம். வாசல் கதவைத் தட்டிவிட்டு, சந்து முனைக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம். சந்து சின்னது, பேசுவதெல்லாம் காதில் விழுந்தது.

தாழ்ப்பாள் திறந்தது. "தேசம்மா! ஏன் அங்கேயே உக்காந்துட்டே? உள்ள வா."

"எறங்க முடியல பீபிம்மா. காலு மடங்காது."

"கூடை எங்கே?"

"கூடை இல்ல. இனிமே தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. விக்கறதுக்கு ஒண்ணும் இல்ல பீபிம்மா. சும்மா உங்களப் பாக்கலாம்னு வந்தேன். வரலாமில்ல?"

மீன் இல்லாத மீன்காரிக்கு அந்த வாசலில் என்ன வேலை என்று பேகம் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

"இத்தினி வருஷமா நீதானே என் வூட்டுக்கு வந்தே," என்றாள் பேகம். "நவுந்துக்க. இன்னிக்கு நான் வர்றேன்."

ஸ்பிரிங் கிறீச்சிட்டது. கதவு சாத்திக்கொண்டது. அப்புறம் அக்கா அழுதாள். எங்கள் அம்மா செத்தபோதுகூட அப்படி அழுது நான் கேட்டதில்லை. நடுநடுவே பேகம் ஏதோ சொல்ல, சிரிப்பும் வந்தது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. நான் காலை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்துவிட்டு மாமா, சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"இருக்கட்டும் மச்சி. அவங்க பேசட்டும்."