ஒரு முத்திரைக்குக் கூடை எதற்கு?

நேற்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கூரியர்காரர் தன் கைபேசியை நீட்டி, விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். பெயர் கோழி கிளறினது போல வந்தது. பார்சல் என்றால் இந்த வயதிலும் நான் கையிலிருந்து கீழே வைப்பதில்லை.

தொண்டைமானாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். யுத்தத்துக்கு முந்தி, இளம் வயதில், அங்கே உபதபாற் கந்தோரில், அதாவது கிளை அஞ்சலகத்தில், ஏழு மாதமாக வேலை செய்துகொண்டிருந்தேன். இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு காலை கொழும்பிலிருந்து பதிவுப் பார்சல் ஒன்று வந்தது. சுருட்டு முதலாளியின் பெயருக்கு; அவர் மகள் பவளத்துக்கு அடுத்த கிழமை கலியாணம், உள்ளே கூறைச்சேலை. முன்மேசையில் வைத்துவிட்டு, தொலைபேசி அடிக்கிறதென்று உள்ளே போனேன். திரும்பி வந்தால் பார்சல் இல்லை.

முதலாளி சந்தி முழுக்கக் கேட்கக் கத்தினார்: "உவன்தான் எடுத்தவன்! வேறை ஆர் அங்கை நிண்டது?"

பொலிசிலும் முறையிட்டார். அம்மாவுக்கு என்ன சொல்வது? மறியலுக்குக் கம்பி எண்ணப் போக எந்தச் சட்டையைப் போடுவது என்றுகூட யோசித்தேன், பாருங்கள்.

அடுத்த நாள் கான்ஸ்டபிள் முத்துத்தம்பி வெற்றிலை மணக்கச் சைக்கிளில் வந்திறங்கினார்.

"நேற்றுக் காலமை ஆர் ஆர் வந்தவை?"

மூன்று பேரைச் சொன்னேன். பவளமும் வந்து ஒரு தபால் முத்திரை வாங்கினாள் என்றேன்.

"கையிலை என்ன வைச்சிருந்தவ?"

"கூடை, ஐயா."

"ஒரு முத்திரைக்குக் கூடை என்னத்துக்குத் தம்பி?"

சைக்கிளை உருட்டிக்கொண்டு பவளத்தின் வீட்டுப் பக்கம் போனார். நான் வாசலையே பார்த்தபடி இருந்தேன். ஒரு மணித்தியாலத்தில், அரக்கு முத்திரை உடையாத பார்சலோடு திரும்பி வந்தார்.

"பிள்ளைக்கு உந்தக் கலியாணம் விருப்பமில்லை. சேலை வராட்டி நாள் தள்ளிப்போகுமெண்டு நினைச்சிருக்கு. மேசைக்குப் பின்னாலை விழுந்து கிடந்ததெண்டு சொல்லுவமோ?"

"அப்ப என்ரை வேலை, ஐயா?"

"கவனக்குறைவெண்டு எழுதுவினம். உம்மடை வேலை போகாது. உண்மையைச் சொன்னா அவள் ஊருக்கை தலைகாட்டேலாது."

பார்சலை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு, "ஓம்" என்றேன்.

நிரந்தரமாவது ஒரு வருடம் பிந்தியது. முதலாளி அதற்குப் பிறகும் என் முகம் பார்க்காமலே கடிதம் வாங்கினார். ஆனால் முத்துத்தம்பி மூன்று பின்னேரங்கள் அவரோடு தனியே கதைத்தார், கலியாணம் நின்றது. பவளம் ஆசிரியப் பயிற்சிக்குப் போனாள்.

முத்துத்தம்பி இருந்த பொலிஸ் நிலையம் யுத்தத்தில் போய்விட்டது. இப்போது காக்கிச் சட்டை எங்கள் ஒழுங்கைக்குள், அந்தச் சின்னச் சந்துக்குள், வந்தால் வாசல் படலையைச் சாத்திவிட்டு உள்ளே இருக்கிறோம். அன்று முத்துத்தம்பி பார்சலைத் தேடிப் போனபோது பவளத்தின் தாய் படலையை அகலத் திறந்து, "வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கேளுங்கோ" என்றாளாம்.