வேம்பில் கட்டிய கூரை

வட்டக்கச்சியில் காடு வெட்டிக் குடியேறிய புதிதில், மார்கழிப் புயல் எங்கள் வீட்டுக் கூரையைத் தூக்கி வாய்க்காலுக்கு அப்பால் போட்டது. சுவர் நின்றது, நாங்களும் தப்பினோம். வைரவருக்குப் பொங்கிப் படைத்தோம். ஆனால் பிள்ளைத்தாச்சியாக இருந்த என் மனைவி ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டாள்.

“இன்னொருக்கால் கூரை போனால் ஐயாவோட யாழ்ப்பாணம் போயிடுவன். பிள்ளை அங்கதான் பிறக்கும்.”

எனக்கோ தலைப்பிள்ளை எங்கள் காணியிலேயே பிறக்க வேண்டும்.

முற்றத்து வேம்பின் கீழ்தான் வைரவர் சூலம். புயலுக்கும் அசையாத மரம். புதுத் தென்னங்கிடுகு வேய்ந்ததும், சுவர்மேல் கூரையைத் தாங்கும் வளைமரத்தில் தடித்த கயிறு கட்டி, மறு நுனியை வேம்பில் கட்டத் தீர்மானித்தேன். அடிமரத்தில் கட்டினால் சூலத்துக்கு மேலால் கயிறு போகும். அதை ஆரும் கடந்து நடந்தால் பாவம். ஆகவே உயரக் கிளையில் கட்டிக் கற்பூரம் கொளுத்தினேன்.

பக்கத்துக் காணிக்காரர் பார்த்துவிட்டு, “வைரவரே பிடிச்சுக்கொண்டிருக்கிறார், இனி என்ன பயம் அண்ணை!” என்றார்.

தை மாதம் ஒரு மத்தியானம் காற்று எழும்பியது. கிளை ஆடியது. கிளை ஆட, கூரையும் எழும்பியது! சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம் தெரிந்தது. பிறகு ‘தொம்’ என்று சுவரில் வந்து இருந்தது. மறுபடி எழும்பியது. கோழிகள் சுவரேறி அந்த இடைவெளியால் வெளியே பறந்தன.

வேலியால் எட்டிப் பார்த்த பக்கத்துக் காணிக்காரர், “அண்ணை, வீடு காவடி ஆடுது!” என்று கத்தினார். பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே கத்தியை நீட்டினாள்.

“இஞ்சாருங்கோ, கயிறை அறுங்கோ!”

“வைரவர் பிடிச்ச கயிறெல்லே?”

“அவர் பிடிக்கேல்லை, நீங்கள்தான் கட்டினனீங்கள். அறுங்கோ!”

“வைரவா, பொறுத்துக்கொள்” என்று அறுத்தேன். கூரை சுவரில் இருந்துவிட்டது. ஆனால் காற்று விடவில்லை. நானும், வேலி பாய்ந்து வந்த பக்கத்துக் காணிக்காரரும் ஆளுக்கொரு வளையில் வௌவால்போலத் தொங்கினோம். என் வேட்டி அவிழ்ந்தது. கையை எடுக்க முடியுமா? அவள் கண்ணை மூடித் தேவாரம் பாடினாள், நடுநடுவே சிரிப்பு வெடித்தது. காற்று தணியும்வரை தொங்கினோம்.

மறுநாளே கூரையைத் தாங்கும் கப்புக் கால்களை மண்ணில் ஆழமாகத் தாட்டேன். ஒவ்வொரு கைமரத்தையும் வளையோடும், வளையைக் கப்போடும் முறுக்குக் கம்பியால் இறுக்கினேன். காற்று உள்ளே புகுந்து தூக்காதபடி கூரை விளிம்பை இடுப்பளவுக்குத் தாழ்த்தினேன்.

மாசியில் மாமா தன் மகளைப் பிள்ளைப்பேற்றுக்குக் கூட்டிப்போக மாட்டுவண்டியோடு வந்தார். குனிந்து உள்ளே வந்தவர் வளையைப் பிடித்து, காலைத் தூக்கித் தொங்கிப் பார்த்தார். கனத்த உடம்பு. கூரை அசையவில்லை. இறங்கிக் கைத்தூசியைத் தட்டினார்.

“சரி பிள்ளை, நீ இஞ்சயே இரு. நான் போய் உன்ர அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன்.”