நலோங்கோவுக்கு அப்பா முறை

“சீவறதுன்னா தோலைச் சீவணும். நீ காயையே சீவிட்டு இருக்க.”

நலோங்கோ தன் அகப்பையால் ஒருவனின் முழங்காலைத் தட்டிவிட்டு, குடலும் வாழைக்காயும் சேர்ந்து கொதிக்கும் பானைக்குத் திரும்பினாள். எதிரே மூன்று ஆண்கள் முக்காலி போட்டு உட்கார்ந்து காய் சீவிக்கொண்டிருந்தார்கள். மசாகா சந்தையில் ஆண்பிள்ளை காய் சீவினால் ஊரே நின்று வேடிக்கை பார்க்கும். “என்னப்பா, நலோங்கோ ஜாமீனா?” என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அவர்களும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுச் சீவுவார்கள்.

அவள் ஜாமீன் எடுத்தவன் எவனாக இருந்தாலும் தினமும் பானை கொதிப்பதற்குள் கடைக்கு வந்து முகத்தைக் காட்ட வேண்டும். இது கோர்ட்டு போட்ட நிபந்தனை இல்லை, நலோங்கோ போட்டது. “வந்தவன் சும்மா எதுக்கு உக்காரணும்? கை இருக்குல்ல” என்பாள். கூலியில்லாத ஆளுக்காகத்தான் இவள் ஜாமீன் போடுகிறாள் என்று பக்கத்துக் கடை சஃபீனாவுக்குச் சந்தேகம். சந்தேகப்பட்டாலும் கோர்ட்டுக்கு இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்பதால், இரண்டாவது ஆளாக ஒவ்வொரு முறையும் அவளும்தான் போய் நிற்கிறாள்.

இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊருக்கு அவள் நலோங்கோ. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. அந்த அட்டையும், பேட்டைத் தலைவரிடம் வாங்கிய கடிதமும், தோள்பட்டை கூர்மையாகத் தூக்கி நிற்கும் நீண்ட உடுப்பும், பளபளக்கும் இடுப்புப் பட்டியும் கடைக்குப் பின்னால் பாலிதீன் உறைக்குள் எப்போதும் தயாராகத் தொங்கும். கோயிலுக்கு வேறு உடுப்பு, இது கோர்ட்டு உடுப்பு. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், ஜாமீனுக்குக் காசு கிடையாது என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே நின்றுகொள்வாள். பேச்சு வேறு பக்கம் போகும்போதெல்லாம் தலையை நிமிர்த்திப் பலகையைப் பார்ப்பாள். ஏட்டய்யா கொட்டாவி விட்டுக்கொண்டே பேனாவைத் தேடுவார்.

ஆனால் கண்டவனுக்கெல்லாம் கையெழுத்துப் போடமாட்டாள். தன் குலத்தானாக இருக்க வேண்டும். “என்ன உறவுன்னு மாஜிஸ்திரேட் கேக்கறார். சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல எனக்கு வராது” என்பாள். அவளுடையது வெட்டுக்கிளிக் குலம். ஊர் முழுக்க நவம்பர் மழையில் வெட்டுக்கிளியை வறுத்து அள்ளித் தின்னும். அந்தக் குலத்தில் பிறந்தவர்கள் மட்டும் உயிரே போனாலும் அதை வாயில் வைப்பதில்லை. சஃபீனாவின் வாணலியில் அது பொரியத் தொடங்கியதும் நலோங்கோ முக்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவாள். “நாத்தம் தாங்கலையோ?” என்று யாரோ கேட்டதற்கு, “இல்ல, ஆசை வந்துடும்னு பயம்” என்று சஃபீனாதான் பதில் சொன்னாள்.

முகிசா வந்து மாட்டியது அந்த நவம்பரில்தான். வயது இருபத்திரண்டு. வெட்டுக்கிளி பிடிக்கும் பொறிகளுக்கு விளக்குப் போடும் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்பவன். முதலாளியின் கொட்டகையிலிருந்து ஒரு மூட்டை வெட்டுக்கிளி காணாமல் போக, பழி இவன்மேல் விழுந்தது. தானும் அதே குலம் என்று லாக்கப்பிலிருந்து சொல்லியனுப்பினான். பெயரைக் கேட்டாலே குலம் தெரிந்துவிடும் ஊரில், முகிசா என்ற பெயரை வைத்து மட்டும் எந்தக் குலமென்றும் சொல்ல முடியாது. நலோங்கோ கம்பிக்கு வெளியே நின்று அப்பன் பெயர், பாட்டன் பெயர், கிளைத் தலைவர் பெயர் என்று வரிசையாகக் கேட்டாள். திக்காமல் ஒப்பித்தான். விரல் விட்டுத் தலைமுறையை எண்ணிப் பார்த்தவள், “அப்படின்னா நீ எனக்கு அப்பா முறை” என்றாள். அந்த நிமிடத்திலிருந்து அவனை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டாள்.

“உன் கேள்வியெல்லாம் லாக்கப்புல இருக்கறவனுங்களுக்கு மனப்பாடம்டி” என்றாள் சஃபீனா. நலோங்கோ காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாஜிஸ்திரேட் வடக்குப் பக்கத்துக்காரர், இந்த ஊர் மொழியும் குல முறையும் தெரியாதவர். “குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீங்க என்ன உறவு?” என்று கேட்டார்.

“மகளுங்கய்யா.”

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி அவளுடைய நரையைப் பார்த்தார். “அவருக்கு இருபத்திரண்டு வயசு.”

“ஆமாங்கய்யா. சின்ன வயசு அப்பா.”

மொழிபெயர்ப்பவர் எழுந்து குல முறையை விளக்கி முடிப்பதற்குள் பின்வரிசையில் சிரித்தவர்கள் இரண்டு முறை அதட்டு வாங்கினார்கள். சும்மா இருப்பாளா நலோங்கோ? “எங்க குலத்தான் வெட்டுக்கிளியைத் தின்ன மாட்டான்யா. தின்னாததை எதுக்குத் திருடணும்?” என்றாள்.

“அதெல்லாம் விசாரணையில பேசிக்கலாம். அதுவரைக்கும் அவர் வெளியே இருக்கலாமான்னுதான் இப்ப பேச்சு. அடுத்த விசாரணைத் தவணைக்கு அவர் வரலைன்னா என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும்யா. அவருக்கு வாரண்டு, எனக்குக் கடை போயிடும். அப்புறம் நான் யாருக்குன்னு வந்து நின்னாலும் நீங்க நம்ப மாட்டீங்க.”

ஜாமீன் கிடைத்தது. மறுநாள் காலையிலிருந்து முகிசா கடையில் உட்கார்ந்து சீவினான். “அப்பா, தோலை மெல்லிசா எடுங்க. அப்பா, அந்த அடுப்பைக் கொஞ்சம் ஊதுங்க.” இவ்வளவு மரியாதையாக இவ்வளவு வேலை வாங்க முடியும் என்று சந்தை அதுவரை கண்டதில்லை.

தவணை நாளன்று பானை கொதித்துவிட்டது. முகிசா வரவில்லை. “என்ன நலோங்கோ, அப்பா ஓடிட்டாரா?” என்று ஒருவன் கேட்டான். அவள் கோர்ட்டு உடுப்பை மாட்டிக்கொண்டு சஃபீனாவோடு கிளம்பினாள். இத்தனை வருடத்தில் அவள் ஜாமீன் எடுத்த ஒருவன்கூடத் தவணைக்கு வராமல் இருந்ததில்லை. கோர்ட்டுத் தாழ்வாரத்தில் நின்று, கேட்டைப் பார்ப்பதும் சஃபீனாவைப் பார்ப்பதுமாக இருந்தாள். கடை போனால் என்ன செய்வது என்று அவள் அப்போது நினைக்கக்கூட இல்லை. இனி எந்த முகத்தோடு இங்கே வந்து நிற்பது என்பதுதான் கவலை.

முன்னால் இருந்த வழக்கு முடியும் நேரத்தில் முகிசா கேட்டைத் தாண்டி ஓடி வந்தான். சட்டை முழுக்க வேர்வை.

“மன்னிச்சுடுங்கம்மா. ராத்திரி மலைப்பக்கம் பொறி வேலை. விடிஞ்சதும் வண்டி கிடைக்கல. பாதி தூரம் ஓடியே வந்தேன்.”

நலோங்கோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாலு வார்த்தை நன்றாகத் திட்டுவதற்காக அவன் முகத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவன் கீழுதட்டில், சரியாகப் பிய்க்காமல் வறுத்த வெட்டுக்கிளியின் கால் ஒன்று, எண்ணெய் மினுங்க ஒட்டிக்கொண்டிருந்தது.

சஃபீனாவும் பார்த்தாள். குலமும் இல்லை, கிளையும் இல்லை. பாட்டன் பெயரெல்லாம் எவனோ லாக்கப்பில் சொல்லிக்கொடுத்தது. உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையெழுத்திலிருந்து நலோங்கோ விடுபடுவாள், அவன் சிறைக்குத் திரும்புவான். அவனுக்குத் தன் உதட்டில் இருப்பது தெரியவில்லை. முழங்காலைப் பிடித்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மலைப்பக்கமிருந்து அப்படியே எல்லை தாண்டிப் போயிருக்கலாம். இங்கே ஓடி வந்திருக்கிறான்.

“டெனிஸ் முகிசா. ஜாமீன்தாரர்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இப்படித் திரும்புங்க அப்பா” என்றாள் நலோங்கோ. பளபளக்கும் பட்டியின் நுனியில் எச்சில் தொட்டு, அவன் உதட்டை அழுத்தித் துடைத்து, முதுகில் கைவைத்து அவனை உள்ளே தள்ளினாள்.