ஞாபகார்த்தம்மா

கேளேன் செல்வி, ஒரகடம் ரோட்டாண்ட புதுசா பார்க்கு போட்டுகிறாங்களே, அங்க இன்னிக்கு ஃபவுண்டன்ல தண்ணி வுட்டாங்க. அதுக்குக் கீழ ஒரு பழைய கல்லு கீது பாரு, அது நனைஞ்சி பாசி வாசன வந்துதா, நான் அப்படியே சின்னப் புள்ளையாயிட்டேன். அப்போ அங்க மாட்டுத் தண்ணித் தொட்டி. பம்புசெட்டு தண்ணி கொடகொடன்னு உழுந்துகினே இருக்கும், எருமைங்க மூக்க முக்கிகினு புஸ்ஸு புஸ்ஸுன்னும், வெயில்ல வந்த காலுக்கு அந்தக் கல்லு அவ்ளோ ஜில்லுன்னு இருக்கும்.

கல்லுல என்னமோ வெட்டியிருந்துச்சு. எங்களுக்கு ஏது படிப்பு? வண்டிக்காரர் ஒருத்தரு 'ஞாபகார்த்தமாக'ன்னு படிச்சாரு. ஓகோ, தொட்டி கட்டின அம்மா பேரு ஞாபகார்த்தம்மாவான்னு நெனச்சிகினோம். 'ஞாபகார்த்தம்மா, ஒரு வாய் குடிச்சிக்கிறேம்மா'ன்னு கேக்காம கைய ஏந்த மாட்டோம். எம்பொண்ணுக்கே அந்தப் பேரு வெக்கலாம்னேன், அவங்கப்பாதான் ஒத்துக்கல.

இன்னிக்கு எம்மருமவ படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறா. "அத்தே, அது பேரில்ல. செத்துப்போன யாரோ நெனப்பா கட்டினதுன்னு அர்த்தம். பேரு இருந்த எடம் ஒடஞ்சி போச்சு"ன்றா. அப்போ அது யாரு? ஆம்பளையா, பொம்பளையா? எனக்கு மனசே அடங்கல செல்வி.

நாளைக்கு அந்தக் கல்லயும் பேத்துட்டு டைல்ஸ் ஒட்டப்போறாங்களாம். மேஸ்திரியாண்ட போயி, "பேர தொலச்சவங்களுக்கு நாங்க வெச்ச பேராவது இருக்கட்டும்ப்பா"ன்னேன். "ஞாபகார்த்தம்மாவ வுட்டுட்டு ஒட்றேன் ஆயா"ன்னு சிரிக்கிறாரு.

ஐயையோ, டேங்கு வழியுதுடி! மோட்டாரு போட்டது ஞாபகமே இல்ல பாரு.