என் வீட்டுக்காரர் எழுதிய உடன்படிக்கை

ஐரோப்பாவில் எந்தக் காலத்திலோ எவனோ எவனுடனோ அடித்துக்கொண்டு, கடைசியில் கையெழுத்துப் போட்டுச் சமாதானம் ஆனதற்கும், செந்துறைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர்தான் சம்பந்தம்.

அவர் அரியலூரில் ஹைஸ்கூல் சரித்திர வாத்தியார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் கால் கழுவி, டீ குடித்துவிட்டு, வாசலில் மேலும் கீழும் நடந்துகொண்டே மறுநாள் பாடத்தை உரக்கச் சொல்லிப் பார்ப்பார். நான் கம்பு புடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். எட்டாவதோடு நின்றவள் நான். ஆனாலும் நாண்டிஸ் சாசனமும் வெஸ்ட்பேலியா உடன்படிக்கையும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். புரோட்டஸ்டண்டுகளை எந்த ராஜா கோயில் கட்டிக்கொள்ள விட்டான், எந்த ராஜா வீட்டுக்குள்ளேயே முணுமுணுத்துக்கொள் என்றான், எல்லாம் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்.

எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே வகையறா. ஒரு காலத்தில் அத்தனை பேரும் பண்ணையாட்கள். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் பாதிப் பேர் மாதா கோயிலில் சேர்ந்தார்கள், பாதிப் பேர் பள்ளிக்கூடம் வைத்துத் தருகிறோம் என்று வந்த புரோட்டஸ்டண்டு சபையில் சேர்ந்தார்கள். நான் மாதா கோயில் வீட்டில் பிறந்தவள். அவர் சபை வீடு. மாமன் மகன் என்று கட்டிக் கொடுத்தார்கள். தாலி எந்தக் கோயிலில் என்று ஒரு வாரம் மல்லுக்கட்டினார்கள், அப்புறம் பந்தியில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருப் பெண்கள் நள்ளிரவுப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போய்விட்டு, விடிந்ததும் சபையில் ஆராதனைக்கும் போய் உட்காருவோம். இரண்டு இடத்திலும் தூங்கி விழுவோம். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

செத்தவர்களுக்கும் அப்படித்தான். முந்திரித் தோப்பைத் தாண்டி ஒரே கல்லறைத் தோட்டம். இடம் மாதா கோயிலுடையது. ஆனால் சபைக்காரர்களையும் அங்கேதான் புதைத்தார்கள். யாரும் அனுமதி கேட்டதில்லை, யாரும் கொடுத்ததுமில்லை. அப்படியே நடந்துகொண்டிருந்தது.

என் பெண் குழந்தை அங்கேதான் இருந்தாள். பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதுகூட ஆகவில்லை. காய்ச்சல். அரியலூர் ஆஸ்பத்திரியில், இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே, என் மடியில் போய்விட்டாள். சொன்னால் வழியில் இறக்கிவிட்டுவிடுவார்கள் என்று பயந்து, செந்துறை வரும்வரை முந்தானையால் மூடி, தூங்குகிறாள் என்று பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த அம்மாள், "புள்ள நல்லா அசந்து தூங்குது, தட்டி எழுப்பாத" என்றாள். இன்றைக்கும் பஸ்ஸில் ஒரு குழந்தை தூங்கினால் என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியாது.

என் அம்மாவின் குழிக்குப் பக்கத்தில் என் அண்ணன் குழி வெட்டினான். எங்கள் பக்கம் மண் இரண்டு முழம்தான், அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. கடப்பாரை போட்டுப் போட்டு அவன் கை கிழிந்துவிட்டது. சின்னக் குழிதானே போதும் என்று சொன்னவர்களிடம் பேசாமல் ஆழமாகவே வெட்டினான்.

எங்கள் ஊரில் சிமெண்டுக் கல்லறை கட்ட யாரிடம் காசு இருந்தது. எல்லாம் மண்மேடுதான். வருடா வருடம் கல்லறைத் திருநாளன்று மேட்டைச் சாணி போட்டு மெழுகி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்கள். அதுதான் அடையாளம். வெள்ளை அடித்த மேட்டுக்கு ஆள் உண்டு. இரண்டு திருநாள் ஒரு மேட்டுக்கு வெள்ளை விழவில்லை என்றால் அதற்கு ஆளில்லை என்று அர்த்தம், அடுத்த சாவுக்கு அங்கே வெட்டிக்கொள்ளலாம். இடம் கொஞ்சம், சாவு நிறைய, வேறு என்ன செய்வார்கள். நான் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடிப்பேன், மற்ற மேட்டைவிட என் பிள்ளை மேடு பளிச்சென்று தெரியும்.

அப்புறம் என் மாமனார் செத்தார். சபையில் மூப்பர் அவர். எப்போதும் வரும் உபதேசியாருக்குப் பதிலாக டவுனிலிருந்து ஐயரே வந்தார். சபையின் குருவை ஐயர் என்போம், மாதா கோயில் குருவைச் சாமி என்போம். ஐயர் குழி வாசலில் நின்று வேதம் வாசித்துவிட்டுச் சும்மா இருக்காமல், செத்தவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றுவதும் செபிப்பதும் வீண் என்று ஒரு பிரசங்கம் வேறு செய்தார். அந்த இடத்தில் போய் அதைப் பேசலாமா. சுற்றிலும் வெள்ளையடித்த மேடுகள். மாதா கோயில் இளவட்டங்களுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "பதிதன் பொணத்தத் தூக்குங்கடா வெளிய" என்று, சபைக்காரர்களை ஏசுகிற அந்தப் பழைய வார்த்தையைச் சொல்லி ஒருவன் கத்தினான். அவன் எனக்குச் சித்தப்பா மகன். என் மாமனார் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவன். கம்பு வந்தது, கல் வந்தது. பாடையைத் திரும்ப ரோட்டுக்குக் கொண்டுவந்து புளியமரத்தடியில் வைத்துவிட்டு ஆண்கள் அடித்துக்கொண்டார்கள். வெயில் ஏறி, ஈ மொய்த்து, நாங்கள் பெண்கள் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். தாசில்தார் ஜீப்பில் வந்து, போலீசை நிறுத்தி, அன்றைக்கு அந்தக் குழியிலேயே புதைக்கவைத்தார். போகும்போது இரண்டு தரப்பையும் பார்த்து, "உக்காந்து பேசி ஒரு முடிவ எழுத்துல கொண்டாங்க. இல்லன்னா ரெண்டு பேரையும் உள்ள தூக்கிப் போடுவேன்" என்றார்.

எழுத்து என்றால் யார், சரித்திர வாத்தியார்தான். அந்த ஒரு மாதம் அவர் நடையே மாறிவிட்டது. பெற்ற அப்பனைப் பறிகொடுத்த மனுஷன் மாதிரி இல்லை, ஏதோ ராஜாவுக்கு மந்திரி மாதிரி இருந்தார். வாசலில் நடந்துகொண்டே என்னிடம் சொல்லுவார்.

"பிரான்சுல ராஜா சாசனம் குடுத்தான், என்னிக்கும் மாத்த மாட்டோம்னு. அவன் பேரன் வந்து ரத்து பண்ணிட்டான். ஏன்? ஒருத்தன் குடுத்தத ஒருத்தன் எடுத்துக்கலாம். நாம எழுதறத ரெண்டு தரப்பும் சேந்தாதான் மாத்த முடியணும்."

இன்னொரு நாள், "ஜெர்மனியில பாரு, யாரு எந்தப் பக்கம்னு சண்டை தீரவே இல்ல. கடைசில ஒரு வருசத்தக் குறிச்சான். அந்த வருசம் எவன் எங்க இருந்தானோ அவன் அங்கதான். சண்டையே முடிஞ்சுபோச்சு" என்றார்.

"நம்ம தெருவுல ஆளுக்கு ரெண்டு பக்கமும் கால் இருக்கேங்க" என்றேன்.

"அதான் சண்டை. ரெண்டுல ஒண்ணுல நிக்கணும்" என்றார்.

எழுதிவிட்டார். போன கிறிஸ்துமஸ் அன்றைக்கு யார் எந்தக் கோயிலில் இருந்தார்களோ அவர்கள் அந்தக் கோயில். இரண்டிலும் இருந்தவர்கள் ஏதாவது ஒன்றைச் சொல்லி எழுதிக்கொள்ளவேண்டும். இனிமேல் யாரும் கட்சி மாறக்கூடாது, யாரும் இழுக்கவும் கூடாது. சபைக்காரர்களுக்கு ஓடைக்கரைப் புறம்போக்கில் தனி இடுகாடு. ஒருவர் இடத்தில் மற்றவர் போய் எந்தச் சடங்கும் செய்யக்கூடாது. சாமி கையெழுத்துப் போட்டார், ஐயர் போட்டார், தாசில்தார் முத்திரை வைத்தார். என் வீட்டுக்காரருக்கு மாலை போட்டார்கள். உள்ளதைச் சொல்லவேண்டும், அதற்கப்புறம் எங்கள் தெருவில் கம்பு எடுத்தவன் இல்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் எங்கே இருந்தேன்? மாமனார் அப்போதே படுக்கையில். அவருக்குச் சளி துடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்ததால் பூசைக்குப் போகவில்லை. விடிந்ததும் பக்கத்தில் இருக்கிற சபைக்கு மட்டும் ஓடிப்போய்க் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அந்தக் கால்மணி நேரத்தில் நான் சபைக்காரி ஆகிவிட்டேன். என் பெயரை எழுதியவர் இவரேதான். என்னைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு வாளியோடு போனேன். வாசலில் அதே சித்தப்பா மகன். இந்தத் தடவை அவன் கத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். "யக்கா, நீ உள்ள வரக்கூடாதுக்கா. பேப்பர்ல இருக்கு. ஒன்ன விட்டா ஒவ்வொருத்தரா வருவாங்க, திரும்பவும் சண்டை வரும்" என்றான். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். மழையில் கரைந்தது போக, போன வருடத்து நீலம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வாளியை அங்கேயே கவிழ்த்துவிட்டு வந்தேன். அவ்வளவு ஆத்திரம்.

சாமியிடம் போய் நின்றேன். நல்ல மனுஷன், எனக்கு நாற்காலி போடச் சொன்னார். "சாமி, நான் பழையபடி மாதா கோயிலுக்கே வந்துடறேன். என்னைச் சேத்துக்குங்க" என்றேன்.

"சேத்துக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கும்மா. நான் எழுதல, உங்க வீட்டுக்காரர் எழுதினது. நான் ஒன்னச் சேத்தா, நாளைக்கு அவங்க நாலு பேர இழுப்பாங்க. நான் என்ன பண்றது?" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

வீட்டுக்கு வந்து இவரிடம் அழுதேன். "உனக்காக ஒரு வரிய மாத்தினா மொத்தமும் அவுந்துடும். ரெண்டு தரப்பும் ஒத்துக்கணும். கொஞ்ச வருசம் பொறு" என்றார். பிள்ளையைப் பெற்றவரும் அவர்தானே. அவருக்கு அந்த மேடு தெரியவில்லை, சமாதானம் மட்டும்தான் தெரிந்தது.

என் அண்ணன் மாதா கோயில் பக்கம். "நா எதுக்கு இருக்கேன், நா அடிக்கிறேன் தங்கச்சி" என்றான். நாலைந்து வருடம் அவன்தான் என் அம்மா மேட்டுக்கும் பிள்ளை மேட்டுக்கும் அடித்தான். நீலம் கலக்கச் சொல்லிக் கொடுத்தேன். நான் முந்திரித் தோப்பில் நின்று பார்த்துக்கொள்வேன். அதுவே போதும் என்று இருக்கப் பழகிவிட்டேன்.

பிறகு இரண்டு வருடம் மழை இல்லை. கடலை காய்ந்து, கம்பு காய்ந்து, அண்ணன் குடும்பத்தோடு எறையூருக்குக் கரும்பு வெட்டப் போனான். ஆலைப் பக்கத்திலேயே குடிசை போட்டுக்கொண்டார்கள். முதல் வருடம் திருநாளுக்கு வரவில்லை. சொல்லி அனுப்பினேன். அடுத்த வருடம் கட்டாயம் வரேன் என்று பதில் வந்தது. அடுத்த வருடம் அவனுக்கு வெட்டுக்கத்தி காலில் பட்டு, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பயத்தில் தெருவில் ஒவ்வொரு மாதா கோயில் வீடாகப் போய்க் கேட்டேன், ஒரு கை சுண்ணாம்பு என் பிள்ளைக்கு அடித்துவிடுங்கள் என்று. ஆகட்டும் ஆகட்டும் என்றார்கள். எல்லோரும் சொன்னதால் யாரும் செய்யவில்லை. ஆளாளுக்கு இன்னொருத்தர் அடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த சித்திரையில் ஒரு கிழவர் செத்தார். மாதா கோயில் மணி அடித்தது எனக்கும் கேட்டது. குழி எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. பகல் சாப்பாட்டுக்கு உலை வைத்தபோது ஒரு பையன் ஓடிவந்து சொன்னான். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். லீவு நாள், இவரும் பின்னால் வந்தார். நான் வேலியைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். யாரும் தடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் இவர் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

குழி இடுப்பளவு ஆகியிருந்தது. வெட்டுகிறவன் மேலே ஏறிக் கடப்பாரையைக் கீழே வைத்தான். "வெள்ள இல்லாம கெடந்துச்சுக்கா. யாருதுன்னு தெரியலக்கா" என்றான்.

"எலும்ப எங்கடா வச்சே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லக்கா. சின்னப் புள்ளன்னா ஒண்ணும் மிஞ்சாதுக்கா. மண்ணாத்தான் இருந்துச்சு" என்றான்.

முந்தானையை விரித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அதை மடக்கத் தோன்றாமல் எவ்வளவு நேரம் நின்றேனோ. அந்தக் கிழவரைக் கொண்டுவரும் கூட்டம் வந்தது. வழிவிட்டு ஒதுங்கினேன்.

மூன்றாம் நாள் இவராகவே, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த ஜெர்மனி உடன்படிக்கையில ஒரு வரி உண்டு. வேற மதத்துக்காரன் செத்தா, கோயில் இடுகாட்டுல இடம் இல்லன்னு சொல்லக்கூடாதுன்னு. படிச்சிருக்கேன். பிள்ளைங்களுக்குச் சொல்லியும் குடுத்திருக்கேன். நமக்குத்தான் ஓடைக்கரை கெடைச்சிருச்சேன்னு அத விட்டுட்டேன்."

கத்தியிருக்கலாம். கத்தி யாருக்கு என்ன ஆகப்போகிறது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார், நான் சோறு கட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அவரோடு குடித்தனம் நடத்தி, நோயில் பார்த்து, ஓடைக்கரையில் கொண்டுபோய்ப் புதைத்தும் ஆயிற்று.

அங்கே எனக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது, அவருக்குப் பக்கத்தில். அதை யாரும் மறுக்க முடியாது, அது என் உரிமை என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.